அப்பாவின் மில் ஓய்வூதியமும் பக்கத்து வீட்டுக்காரரின் அரசு ஓய்வூதியமும்

அப்பாவின் உயிர்வாழ் சான்றைப் புதுப்பிப்பதற்காக, சென்ற ஆண்டு சிங்காநல்லூரில் ஓர் இ-சேவை மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றிருந்தேன். கோவை நூற்பாலை ஒன்றில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து, 58 வயது நிறைந்து 2015இல் ஓய்வு பெற்றவர் அவர். இரும்போடும் எண்ணெயோடும் புழங்கித் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை; துடைத்துத் துடைத்து வைத்ததில், கடைசியாக இடது கை மோதிர விரலைத்தான் கருவி ஏற்றுக்கொண்டது.

அதே காரியமாக வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அரசுத் துறையில் ஓட்டுநராக இருந்து அதே ஆண்டில் ஓய்வு பெற்றவர். "உங்களுக்கு எவ்வளவுங்க வருது?" என்று அவர் கேட்க, "ரெண்டாயிரத்து நானூத்திச் சொச்சமுங்க" என்றார் அப்பா. "மாசத்துக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு வருவது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவைப் போன்ற தனியார் துறை ஊழியர்களுக்கான 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளத்தை 15,000 ரூபாய் என்ற உச்ச வரம்புக்குள் மட்டும் கணக்கில் எடுத்து, அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்கு அந்த வரம்பும் 6,500 ரூபாய்தான். சலுகையாகத் தரும் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 35 ஆண்டுகள், அவ்வளவும் 15,000 ரூபாய் வரம்பில் என்று வைத்துக்கொண்டாலும், கிடைப்பது 7,500 ரூபாய். தமிழ்நாடு அரசு 2017 ஊதியத் திருத்தத்தில் தன் ஓய்வூதியர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையே 7,850 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படியும் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைப்பதைக் குறைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். முப்பது ஆண்டு உழைப்புக்கு அது நியாயமான தொகை. அரசுப் பணியிலும் எல்லோருக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்ததில்லை; 2012இல் ஆசிரியையாகச் சேர்ந்த என் தங்கை, 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவள் என்பதால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் வந்தாள், அவள் சம்பளத்தில் மாதந்தோறும் 10 சதவீதம் பிடித்தார்கள்.

தொகையின் அளவைவிட என்னை அதிகம் வருத்துவது, விலைவாசி ஏறும்போது ஒருவரின் ஓய்வூதியம் அகவிலைப்படியால் ஆண்டுக்கு இருமுறை உயர, இன்னொருவருடையது கிடந்த இடத்திலேயே கிடப்பதுதான். இருவரும் ஒரே மளிகைக் கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். தனியார் துறை ஓய்வூதியத்தையும் அகவிலைப்படியோடு இணைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு இதில் பாதிதான் வரும் என்பதை நினைக்கும்போது, அது இன்னும் அவசரமாகத் தோன்றுகிறது.

அப்பா வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். அன்று அதைப் புரட்டிப் பார்த்தேன். செலவுப் பக்கத்தில் மாத்திரை, எரிவாயு, பால் என ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆண்டு கூடியிருக்க, வரவுப் பக்கத்தில் 2015 முதல் ஒரே எண்ணை அவர் மாதாமாதம் எழுதியிருந்தார்.