புதுப்பிப்பு: அலுமினிய வார்ப்பில் ஊசித்துளை

போன மாதம் கேட்டிருந்தேன்: கோவை கணபதியில் எங்கள் பவுண்டரியில் வார்க்கும் பம்ப் மூடிகளை லேத்தில் கடைந்தால் ஊசித்துளையாகத் தெரிகிறது, மணலில் கோளாறா என்று. மணல் இல்லைங்க, ஹைட்ரஜன்.

உருகிய அலுமினியத்தில் சொல்லும்படி கரையும் வாயு அது ஒன்றுதான். உறையும்போது கரைதிறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகிவிடும். மிச்சம் குமிழாக உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

ஒரு அண்ணன் சொன்னபடி வெற்றிடச் சோதனை செய்தோம். ஒரே கரண்டி உலோகத்தில் ஒரு கட்டியைத் திறந்தவெளியில் உறையவிட்டோம், இன்னொன்றை 80 மில்லிபார் குறை அழுத்தத்தில்; அங்கே குமிழ்கள் பெருத்துவிடும். இரண்டையும் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டால் அடர்த்தி வந்துவிடும். எங்களுக்குத் திறந்தவெளிக் கட்டி 2.65 கிராம்/செ.மீ³, வெற்றிடக் கட்டி 2.43. வித்தியாசம் 8.3 சதவீதம்! வெற்றிடக் கட்டியை அறுத்தால் ஆப்பம் மாதிரி இருந்தது.

இது ஹைட்ரஜனை நேராக அளப்பதில்லை, ஆக்சைடு அழுக்கும் அந்தச் சதவீதத்தைக் கூட்டும். ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு (பிபிஎம்) என்று சரியாக வேண்டுமென்றால் ஆய்வகத்தில் உருக்கித்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு இதுவே போதும்.

காரணம்? ஆடிச் சாரலில் நனைந்த ரிட்டர்ன் ஸ்கிராப், அதாவது மறுபடி உருக்கப் போடும் வார்ப்பு மிச்சத் துண்டுகள்; அந்த ஈரத்திலிருந்துதான் ஹைட்ரஜன். இப்போது சூடேற்றிக் காயவைத்துத்தான் போடுகிறோம், அப்புறம் உருகிய உலோகத்துக்குள் ஆர்கான் வாயுவை விட்டு ஹைட்ரஜனை நீக்குகிறோம். நேற்று அதே சோதனையில் வித்தியாசம் 1.9 சதவீதம்தான்.