தெப்பக்குளத்து நடை பனிமலைக்குப் போதுமா? எங்கள் அனுபவங்கள்

மதுரை அனுப்பானடியிலிருந்து:

பனிமலைக்குப் போகும் தெம்பு நமக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் உத்தரகாண்டில் கேதார்காந்தா ஏறப் போனோம். சாங்க்ரி கிராமத்தில் தொடக்கம், உச்சி சுமார் 3,800 மீட்டர். 'எளிது முதல் மிதம் வரை' என்று போட்டிருந்தார்கள். படிவத்தில் உடல்நிலை நன்றாக இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி. ஆம் என்று எழுதினேன். பொய்யில்லை. தினமும் விடிகாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை ஐந்து சுற்று நடப்பவன் நான். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்.

ஆனால் தெப்பக்குளத்தங்கரை சமதரை. மூச்சு பழகியிருந்தது, தொடை பழகவில்லை. உச்சிக்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியும். பத்து அடி வைத்தால் நண்பர் ஒருவர் நின்றுவிடுவார். வழிகாட்டி அவர் முகத்தில் விளக்கை அடித்துப் பார்த்தார். தலைவலி இருக்கிறதா, ராத்திரி சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இரண்டுக்கும் கிடைத்த பதிலைக் கேட்டதும் அவரைக் கீழே அனுப்பிவிட்டார். எங்கள் நால்வரில் ஜிம்முக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்! அந்த உயரத்தில் காற்றழுத்தம் மதுரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. அதனால் வரும் மலைநோய் யாரைப் பிடிக்கும் என்பதற்கும் உடற்பயிற்சிக்கும் பெரிய சம்பந்தமில்லை. தலைவலியோடு வாந்தியோ, சாப்பாட்டில் வெறுப்போ வந்தால் மேலே ஏறக்கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

நான் உச்சியைத் தொட்டேன். இறங்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். இறுகிய பனியில் குதிகாலை ஊன்றி இறங்கத் தெரியாமல் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டே வந்தேன். கூடாரத்துக்கு வந்தபோது ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிய முடியவில்லை, தொடை தானாக நடுங்கியது. என்னால் குழு முழுவதும் ஒன்றரை மணி நேரம் தாமதம்.

இப்போது கிலோமீட்டரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. முதுகில் எட்டுக் கிலோ அரிசியோடு ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறேன், மறுநாள் காலையிலும் அதையே செய்ய முடிகிறதா, இந்த இரண்டையும்தான் பார்க்கிறேன். நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல பாதைக்கு, பழகிய காலுக்கு உள்ள கணக்கு அது. பனியில் அதை நம்பிவிடாதீர்கள்.

திருநகரிலிருந்து (வேலை ஆஸ்திரியாவில், இப்போது விடுப்பு):

நீங்கள் சொன்ன இறக்கம்தான் எனக்கும் பாடம். அங்கே குளிர்காலத்தில் ஸ்கை டூரிங் போவேன். சறுக்குப் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வோம். அதிலுள்ள மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் பலகை முன்னால் வழுக்கிப் போகும், பின்னால் சரியாது. உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும்.

முதல் வருடம் 1,000 மீட்டரை மூன்று மணி நேரத்தில் ஏறிவிட்டேன். எனக்குப் பின்னால் அறுபது வயது அம்மா ஒருவர் நிதானமாக வந்துகொண்டிருந்தார். இறக்கத்தில் மேலே ஓடு கட்டி, கீழே பொலபொலவென்று இருந்த பனி. இயந்திரத்தால் சமப்படுத்திய சரிவில் எனக்கு வந்த வித்தை எதுவும் அங்கே எடுபடவில்லை, நாலு திருப்பத்துக்கு ஒரு தரம் விழுந்தேன். அந்த அம்மா ஒரு முறைகூட விழவில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகக் காத்திருந்தார். அப்படிக் காத்திருப்பது பொறுமை மட்டுமில்லை, ஆபத்தும்கூட. வெயில் ஏற ஏற வசந்தகாலத்துப் பனி ஈரமாகிச் சரியத் தொடங்கும், அதற்குள் எல்லாரும் கீழே இருக்க வேண்டும்.

அங்கே ஒரு பயணத்தை அறிவிக்கும்போது எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மணி நேரம் என்பதை ஒரு பக்கமும், சறுக்கும் திறமை எவ்வளவு வேண்டும் என்பதை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் போடுவார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்க்கக் கூடாது. எதில் நாம் குறைவோ அதுதான் நம் தரம்.

வத்திராயிருப்பிலிருந்து:

நான் பனியைப் பார்த்ததில்லை. அமாவாசைக்கு அமாவாசை தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுகிறேன், இருபது வருடமாக. மதுரையிலிருந்து வரும் பையன்கள் ஆரம்பத்தில் ஓடுவார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "பேசிக்கிட்டே ஏற முடியுதா தம்பி?" பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். அப்புறம், மழை மேகம் தெரிந்தால் ஓடையைக் கடக்கவே விடமாட்டேன். அந்த இடத்தில் யாருடைய கால்பலமும் உதவாது.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் ஏறும் பழைய பாதையையும் சொல்ல வேண்டும். ஏற்றம் 1,500 மீட்டருக்கு மேல். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்; 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன உயிர்களை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அனுப்பானடியிலிருந்து மறுபடியும்:

ஐயா சொன்னபடி பேசிக்கொண்டே ஏறிப் பார்க்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அழகர்கோவிலில் இருப்பேன். நூபுர கங்கை வரை ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறுவது. வருகிறவர்கள் ஆளுக்கு எட்டுக் கிலோ எடையோடு வாருங்கள். பையில் தின்பண்டம் வெளியே தெரிய வேண்டாம், குரங்குகள் விடாது. கேதார்காந்தாவில் பாதியில் திரும்பிய நண்பரும் வருகிறார்.