வேர்டில் அத்தியாயங்களை முன்பின் மாற்றுவது எப்படி? அப்பாவின் கடல் குறிப்புகள், 160 பக்கம்

பாம்பன்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் அப்பா நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர். முட்டுவலி வந்த பிறகு கடலுக்குப் போவதில்லை. காற்று, நீரோட்டம், பார் (கடலடிப் பாறைத்திட்டு), வலை, எந்த மாதத்தில் எந்த மீன் எங்கே படும் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். அவற்றை ஒரு டைப்பிங் கடையில் கொடுத்து வேர்டு கோப்பாக வாங்கினோம். மொத்தம் 160 பக்கம். புத்தகமாகப் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆசை.

கடையில் எந்த நோட்டு முதலில் கைக்கு வந்ததோ அந்த வரிசையிலேயே அடித்திருக்கிறார்கள். முதலில் நண்டுவலை, அடுத்து 1964 புயல், அடுத்து சங்கு குளிப்பு, அப்புறம் திடீரென்று வாடைக்காற்று. அப்பா இதைப் படித்துவிட்டு, "தொழில் காத்தோட போகுது, புத்தகமும் காத்தோடதான் போகணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரி. ஐப்பசி முதல் தை வரை வாடை அடிக்கும்போது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், படகுகள் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தொழில் செய்யும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் தென்கடலில் நிற்க முடியாது, கால்வாயைத் தாண்டி வடகடலுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே முதல் பாகம் வாடைக்காலம், கடைசிப் பாகம் கச்சான் காலம், நடுவில் பாம்பன் கால்வாய். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கும் 61 நாள் தடைக்காலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதுவும் அந்த நடுப்பகுதியில்தான் வர வேண்டும்.

இப்போது என் சிக்கல். வேர்டில் வியூ போய் நேவிகேஷன் பேனைத் திறந்தால் "பேஜஸ்" என்று பக்கங்கள் சின்னச் சின்னப் படமாக வருகின்றன. அவற்றை இழுத்தால் நகரவே இல்லை. சரி என்று கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதில் ஓர் அத்தியாயத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டமாகப் பிரித்து அப்பா கையால் வரைந்த படம் ஒன்று படுக்கைவாட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நிமிர்ந்துவிட்டது, படத்தில் தூத்துக்குடிப் பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் வரும் அத்தியாயப் பெயர்களும் மாறிப் போயின. மீன் பெயர்களுக்கான அடிக்குறிப்புகள் நிறைய இருக்கின்றன, அவையும் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒன்றும் சேதமாகாமல் மாற்ற என்ன வழி?

தேவிபட்டினம் மாணவன்:

அக்கா, நேவிகேஷன் பேன் சரியான இடம்தான். ஆனால் "பேஜஸ்" வேண்டாம், பக்கத்தில் "ஹெடிங்ஸ்" என்று இருக்கும், அதைப் பாருங்கள். ஒவ்வோர் அத்தியாயத் தலைப்பிலும் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஹெடிங் 1 ஆகிவிடும். பிறகு பேனில் தலைப்பைப் பிடித்து மேலேயோ கீழேயோ இழுத்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே கூட வந்துவிடும். எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை இப்படித்தான் வரிசைப்படுத்தினோம்.

பாம்பன்காரி:

நன்றி தம்பி. உடனே செய்து பார்த்தேன். ஹெடிங் 1 கொடுத்ததும் "சங்கு குளிப்பு" என்ற தலைப்பு பக்கத்திலேயே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஆகிவிட்டது. பேனிலும் அப்படியே தெரிகிறது. எந்த அத்தியாயம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். இதற்கு வழி உண்டா?

கீழக்கரை அச்சுவேலை:

தங்கச்சி, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நினைவுமலர், குடும்ப வரலாறு, பள்ளி ஆண்டுமலர் என்று வருவதெல்லாம் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் வருகின்றன. உங்கள் அப்பா எழுதியது போன்ற ஒன்று நான் பார்த்து வந்ததில்லை. அது நல்லபடியாகப் புத்தகமாக வர வேண்டும்.

முதலில் பாமினி. அதில் உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. புள்ளிக்கு அரைப்புள்ளியைத்தான் அடிக்கிறோம். ஹெடிங் 1 கொடுத்தால் அந்த ஸ்டைலுக்கு உரிய எழுத்துரு வந்து உட்காரும், பாமினி போய்விடும், உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஸ்டைலின் எழுத்துருவைப் பாமினியாக மாற்றினால் பக்கத்தில் சரியாகிவிடும், ஆனால் பேனில் சரியாகாது. பேன் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருக்கிறது.

160 பக்கத்தையும் இப்போதே யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றப் போகாதீர்கள். மாற்றியில் ஒட்டி எடுத்தால் அடிக்குறிப்பும் படமும் உதிர்ந்துவிடும். தலைப்புகளை மட்டும் யூனிகோடில் புதிதாக அடியுங்கள். எத்தனை இருந்தாலும் ஒரு மாலை வேலை. உடல் பகுதி பாமினியிலேயே இருக்கட்டும், அதனால் நகர்த்துவதற்கு ஒரு தடையும் இல்லை. தலைப்பின் எழுத்து அளவை மாற்றியும் மாறவில்லை என்றால், ஃபான்ட் பெட்டியில் "காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற பகுதியில் மாற்றுங்கள். யூனிகோடு தமிழுக்கான அளவை வேர்டு அங்கேதான் பார்க்கும்.

அடுத்து, பக்கத்தை ஏன் இழுக்க முடியவில்லை என்று கேட்டீர்கள். வேர்டில் பக்கம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எழுத்து வரிசையாக ஓடுகிறது, தாள் நிறைந்த இடத்தில் அடுத்த பக்கம் தொடங்குகிறது. எழுத்துருவை ஒரு புள்ளி பெரிதாக்கினாலே எல்லாப் பக்கமும் நகர்ந்துவிடும். ஆகவே நாம் நகர்த்துவது எப்போதும் தலைப்பையும் அதன் கீழ் உள்ளதையும்தான். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

உங்கள் புத்தகத்துக்கு ஹெடிங் 1 பாகத்துக்கு, ஹெடிங் 2 அத்தியாயத்துக்கு, ஹெடிங் 3 உள்தலைப்புக்கு என்று வையுங்கள். "வாடைக்காலம்: தென்கடல்", "கால்வாய்", "கச்சான் காலம்: வடகடல்" என்று மூன்று பாகத் தலைப்பை மட்டும் முதலில் அடித்துவிட்டு, அத்தியாயங்களை ஒவ்வொன்றாக அவற்றின் கீழே இழுத்து விடுங்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. ஒரு பாகத்தையே முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று அவர் நினைத்தாலும் ஓர் இழுப்புதான். மவுஸ் கைக்கு வராவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், ஓ அழுத்தி அவுட்லைன் வியூவுக்குப் போங்கள். லெவல் 2 வரை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, தலைப்பில் நின்று ஆல்ட், ஷிப்ட்டோடு மேல் அம்பு அல்லது கீழ் அம்பை அழுத்துங்கள். உள்ளே மடங்கியிருப்பதும் கூடவே போகும். எனக்கு இதுதான் பழக்கம், இழுக்கும்போது கை தவறி வேறு தலைப்புக்குள் விழாது.

இனி அந்தத் தீவுப்படம். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பக்கம் நிமிர்ந்தா படுத்தா, ஓரம் எவ்வளவு, ஹெட்டர் என்ன என்பதையெல்லாம் வேர்டு செக்‌ஷன் பிரேக்கில் வைத்திருக்கிறது. ஒரு செக்‌ஷனின் அமைப்பு அதன் முடிவில் உள்ள பிரேக்கில் இருக்கிறது, தொடக்கத்தில் இல்லை. நீங்கள் வெட்டியபோது படம் மட்டும் வந்து, அதற்குப் பின்னால் இருந்த பிரேக் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். டிராஃப்ட் வியூவுக்குப் போனால் பிரேக்குகள் இரட்டைக் கோடாகத் தெரியும். படத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அத்தியாயத்துக்குள் இருந்தால் அத்தியாயத்தைத் தலைப்போடு இழுக்கும்போது இரண்டும் கூடவே வரும், படம் படுத்தபடியே இருக்கும். படத்தோடு கோப்பு முடிகிறது என்றால் பின்னால் பிரேக் இருக்காது. கோப்பின் கடைசிச் செக்‌ஷனுடைய அமைப்பு கடைசிப் பத்திக்குறியில் தங்கிவிடும். அப்படி இருந்தால் நகர்த்தும் முன் அங்கே "நெக்ஸ்ட் பேஜ்" பிரேக் ஒன்றைப் போட்டு, அதற்குப் பின்னால் வரும் கடைசிப் பகுதியை நிமிர்ந்த பக்கமாக மாற்றிவிடுங்கள்.

படத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் ஓரத்தில் நங்கூரக்குறி தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் குறி எந்தப் பத்தியில் நிற்கிறதோ அந்தப் பத்தியோடுதான் படம் போகும். எல்லாப் படங்களையும் "இன் லைன் வித் டெக்ஸ்ட்" ஆக்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஹெட்டர் பெயர் மாறியதற்குக் காரணம், கடைக்காரர் அத்தியாயத்துக்கு ஒரு செக்‌ஷன் பிரேக் போட்டு ஒவ்வொன்றிலும் பெயரைக் கையால் அடித்திருப்பார். சில இடத்தில் "லிங்க் டு பிரீவியஸ்" நீக்கப்படாமல் இருக்கும். அப்படி இருந்தால், முன்னால் எந்தச் செக்‌ஷன் வந்து நிற்கிறதோ அதன் பெயரையே அது எடுத்துக்கொள்ளும். படத்தைச் சுற்றியுள்ள இரண்டைத் தவிர மற்ற செக்‌ஷன் பிரேக்குகளை எடுத்துவிடுங்கள். ஹெட்டரில் பெயருக்குப் பதிலாக இன்செர்ட், குவிக் பார்ட்ஸ், ஃபீல்டு என்று போய் "ஸ்டைல்ரெஃப்" தேர்ந்தெடுத்து ஹெடிங் 2 கொடுங்கள். அந்தப் பக்கத்தில் எந்த அத்தியாயம் நடக்கிறதோ அதன் பெயர் தானாக வரும். எத்தனை முறை இடம் மாற்றினாலும் நீங்கள் தொட வேண்டியதில்லை.

அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க, ஹெடிங் 2 ஸ்டைலின் பத்தி அமைப்பில் "பேஜ் பிரேக் பிஃபோர்" கொடுத்தால் போதும். என்டரைத் தட்டித் தட்டிப் பக்கம் தள்ளியிருந்தால் அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். நகர்த்தியதும் வெற்றுப் பக்கம் வருவது அவற்றால்தான்.

அடிக்குறிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வேர்டின் அடிக்குறிப்பு வசதியில் போட்டதென்றால் அது சொல்லோடு ஒட்டியிருக்கும், எண்ணும் தானே திருந்தும். எண்ணைக் கையால் அடித்துக் கீழே வரி எழுதியிருந்தால் மட்டும் சொல்லுங்கள், அது வேறு வேலை.

தொண்டிக்கரை:

வேர்டு இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் வரும். தலைப்புகளை அங்கேயும் இழுக்கலாம், மேலே கீழே அனுப்பப் பொத்தான்களும் உண்டு. ஆனால் படுக்கைவாட்டுப் பக்கம் அங்கே பேஜ் ஸ்டைலால் நடக்கிறது, அதனால் இந்த வேலையைப் பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

ஒரு கேள்வி அக்கா, 1964 புயலை எங்கே வைக்கப் போகிறீர்கள்? தனி அத்தியாயமாகக் கடைசியில் வைத்தால் கனமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பாம்பன்காரி:

கீழக்கரை அண்ணே, நீங்கள் சொன்னபடி தலைப்புகளை எல்லாம் யூனிகோடில் அடித்தேன். இப்போது பேனில் அழகாகத் தமிழில் வரிசையாக நிற்கின்றன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "நண்டுவலையைக் கீழ இறக்கு, கரைவலைய மேல கொண்டா" என்று சொல்லச் சொல்ல இழுத்தேன். புத்தகம் முழுதாக எப்படி இருக்கும் என்று அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை. தீவுப்படம் படுத்தபடியே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் பிரேக் இல்லாமல்தான் இருந்தது, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் போட்டேன்.

தொண்டித் தம்பிக்கு: அப்பா புயலை வாடைக்காலத்துக்குள்தான் வைக்கச் சொன்னார். அது டிசம்பர் 22, 23, மார்கழி. தனுஷ்கோடியை அடித்தது வாடைக்காலத்துக் கடல், அதைப் பிரித்து வைத்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு மார்கழிக் கடல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் போய்விடும் என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது அண்ணே. "43ஆம் பக்கத்தில் சொன்னபடி" என்று அங்கங்கே வருகிறது. இப்போது எந்த எண்ணும் பொருந்தவில்லை. அடிக்குறிப்புகளுக்குள்ளும் அப்படிச் சில இருக்கின்றன.

கீழக்கரை அச்சுவேலை:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அப்பா புயலைப் பற்றிச் சொன்னது சரி, அதை மாற்றாதீர்கள்.

அந்த எண்கள் கையால் அடித்தவை, தானாகத் திருந்தாது. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு இன்செர்ட் மெனுவில் "கிராஸ் ரெஃபரன்ஸ்" திறந்து, வகையில் ஹெடிங், காட்ட வேண்டியதில் பக்க எண் என்று கொடுங்கள். தலைப்பு எங்கே போனாலும் எண் அதைப் பின்தொடரும்.

அவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஃபைன்ட் பெட்டியில் "பக்கத்தில்" என்று யூனிகோடில் அடித்தால் ஒன்றும் கிடைக்காது, உடல் பகுதி பாமினி அல்லவா? ஓர் இடத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டுங்கள். பெட்டியில் ஆங்கில எழுத்தாகத் தெரியும், தேடல் சரியாகவே நடக்கும். "பக்கம்", "பக்கத்துக்கு" என்று வேறு வடிவங்களும் இருக்கும், அவற்றையும் அப்படியே தேடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கண்ட்ரோல், ஏ அழுத்தி எஃப்9 அழுத்துங்கள். பொருளடக்கமும் பக்க எண்களும் புதுப்பிக்கப்படும். பொருளடக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்கும், முழு அட்டவணையையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அடிக்குறிப்புக்குள் இருப்பவை இதில் சேராது. ஏதாவது ஓர் அடிக்குறிப்புக்குள் கர்சரை வைத்து அங்கேயும் ஒரு தரம் கண்ட்ரோல், ஏ, பிறகு எஃப்9. அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கி, தீவுப்படம் உள்ள பக்கத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் பாருங்கள். பக்க எண் அங்கே மறுபடி 1 என்று தொடங்கியிருந்தால், பக்க எண் அமைப்பில் "கண்டினியூ ஃப்ரம் பிரீவியஸ் செக்‌ஷன்" கொடுத்தால் சரியாகிவிடும்.