தலைக்காய வார்டில் பார்த்தது: மனசை விட்டுப் போகாத ஒன்று

மோல்மேன் நர்ஸ்
பைக்கில் விழுந்த கேஸ், ஹெல்மெட் கிடையாது. வரும்போது ஜிசிஎஸ் (கண், பேச்சு, அசைவு பார்த்து நினைவுக்குப் போடுற மார்க், முழுசு 15) 9. நாலாம் நாள் 13: கூப்பிட்டால் கண் திறக்கிறார் (3), பேச்சு குழப்பம் (4), சொன்னதைச் செய்கிறார் (6). மூக்கில் சாப்பாட்டு டியூப். சாயங்காலம் வீட்டு ஆள், "டியூப்ல போறது பசி அடங்குமா"ன்னு படுத்தபடியே கஞ்சி ஊட்டியாச்சு. மூணாவது கரண்டிக்கு இருமல்கூட வரல. குரல் மட்டும் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆச்சு, கஞ்சி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு. மறுநாள் ராத்திரி காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ், இரத்தத்துல ஆக்சிஜன் 88 சதம். அடுத்து எடுத்த ஜிசிஎஸ் திரும்ப 9. மண்டையில பட்டது முதல் அடி, ஆக்சிஜன் குறைஞ்சது ரெண்டாவது அடி. பேச்சு வந்தா விழுங்கவும் வரும்னு நினைக்கிறாங்க, அப்படிச் சொல்ல முடியாது.

பிஸியோ ரங்கூன்
அக்கா, கஞ்சி மேல மட்டும் பழி போடாதீங்க. தட்டையாப் படுத்தா டியூப்ல விட்ட பாலும் மேல ஏறி நுரையீரலுக்குள்ள போகும். தலைமாடு 30 டிகிரி இருக்கணும். தலையணையை மட்டும் உயர்த்தினா கழுத்து மடங்கும், கழுத்து இரத்தக்குழாய் வழியா இரத்தம் சரியா இறங்காது, மண்டைக்குள்ள அழுத்தம் கூடும். கழுத்துக்குப் போடுற காலர் பட்டையை இறுக்கினாலும் அதே கதைதான். முதுகோட சேர்த்துத் தூக்குங்க. கழுத்தெலும்பு படம் பார்க்கிற வரைக்கும் இடுப்பை மடக்காம, கட்டிலோட தலைப்பக்கக் காலுக்குச் செங்கல் வைங்க. ரெண்டு கைலியைச் சுருட்டித் தலைக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தா மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில நிற்கும்.

நைட் டூட்டி
ஒருத்தர் கட்டிலை உதைச்சுக் கத்தினார். கையைக் கட்டி, தூங்க ஊசிக்கும் ஆர்டர் வந்தாச்சு. மூத்திர டியூப் தொடைக்கு அடியில மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தினதும் 800 மில்லி. ஆள் அமைதி. அந்த ஊசியைப் போட்டிருந்தா அப்புறம் ஜிசிஎஸ் பார்த்து என்ன பிரயோஜனம்?

பழைய கம்பவுண்டர்
எல்லாம் சரி, மூளை வீக்கம் வத்த டெக்சா ஊசி (ஸ்டீராய்டு) ஏன் போடலன்னு ஒருத்தரும் கேட்கலையே?

மோல்மேன் நர்ஸ்
ஐயா, 2004லேயே முடிஞ்ச வழக்கு அது. கிராஷ்னு ஒரு ஆய்வு, பத்தாயிரம் தலைக்காயக்காரங்க. ஸ்டீராய்டு போட்டவங்கள்ல ரெண்டு வாரத்துக்குள்ள இறந்தது 21 சதம், போடாதவங்கள்ல 18. "சக்திக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்"னும் கேட்காதீங்க. அஞ்சு சத குளுக்கோஸ்ல சர்க்கரையை உடம்பு எடுத்துக்கிட்டதும் மிஞ்சுறது வெறும் தண்ணி, மூளை அதைக் குடிச்சு இன்னும் வீங்கும். நார்மல் சலைன் (உப்புத் தண்ணி பாட்டில்)தான்.

தட்டோன்காரன்
எல்லாரும் பைக்கையே பேசுறீங்க. குளியலறையில வழுக்கின பெரியவர், தினம் ஆஸ்பிரின் (இரத்தம் உறையாம இருக்க). அன்னிக்கு ஒண்ணுமில்ல. மூணு வாரம் கழிச்சுக் கைலி முடிச்சைப் போடத் தெரியாம கையில துணியைப் பிடிச்சபடி நின்னார். வயசுன்னு விட்டாங்க. பத்து நாள் போச்சு, நடை இழுத்தது. ஸ்கேன்ல மூளைக்கு மேல பழைய இரத்தம், பிறை மாதிரி. மண்டையில ரெண்டு துளை போட்டு வடிச்சாங்க. எஞ்சின் ஆயில் நிறம்.