இரண்டு நாளில் மூன்று நிகழ்ச்சி, வீட்டில் அப்பாவும் அக்காவும்: எதை விடுவது?

ஆல்டோ வரிசைக்காரி கேட்கிறார்:

எங்கள் பாடகர் குழுவில் நான் இரண்டாம் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் தாழ்ந்த வரிசை. வருகிற சனி மாலை ஹேண்டல் இசையமைத்த ‘மெசையா’ என்ற பெரிய கிறிஸ்தவ இசைப்படைப்பிலிருந்து சில பகுதிகள், ஞாயிறு காலை ஒரு நிகழ்ச்சி, ஞாயிறு மாலை இன்னொன்று. வெள்ளி இரவு மேடை ஒத்திகை தனி. இவ்வளவுதான் என்றால் புலம்ப வந்திருக்க மாட்டேன். அதே வெள்ளியன்றுதான் அப்பா, அக்கா, அக்காவின் ஆறு வயது மகள் மூவரும் வந்து இறங்குகிறார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து எல்லோரும் ஒரே வீட்டில்!

போன முறை என்ன நடந்தது தெரியுமா? சனிக்கிழமை நன்றாகவே பாடினேன். வீட்டுக்கு வந்து நள்ளிரவு தாண்டியும் அக்காவோடு பேச்சு. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அவரிடம் எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். ஞாயிறு காலை எழுந்தால் தொண்டை கட்டியிருந்தது. மேலே ஏறினால் குரல் உடைந்தது. மெல்லப் பாடினால் காற்றுதான் வந்தது. ஆல்டோவுக்கு மேல் சுரம் எதற்கு என்று உச்சக் குரலில் பாடும் சோப்ரானோக்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்று முழுவதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவள் எனக்கும் சேர்த்துப் பாடினாள்.

இந்த முறை ஞாயிறு காலையை விட்டுவிடட்டுமா? அல்லது அப்பாவை அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா? இரண்டுக்குமே நாக்கு எழவில்லை. போதாததற்குச் சனி மாலைக்கு மூன்று பேருக்கு இரண்டு டிக்கெட்தான் கிடைத்திருக்கிறது.

கடைசி வரிசை பாஸ் (ஆண்களில் அடிக்குரல்):

டிக்கெட்டுக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். மெசையாவுக்கு இடப்பஞ்சம் பிறவியிலேயே உண்டு. 1742 ஏப்ரலில் டப்ளினில் அது முதன்முதலாக அரங்கேறியபோது, பெண்கள் வளையப் பாவாடை அணியாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் இன்னும் சிலரை உள்ளே அடைக்கலாம் என்று. உங்கள் அக்கா வாளோடு வரமாட்டார் என்று நம்புகிறேன்.

நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாதீர்கள். தூக்கமும் குறைவாக இருந்தால் மயங்கி விழ அதுவே போதும். எங்கள் வரிசையில் ஒருவர் விழுந்திருக்கிறார், அதுவும் நெட்டையானவர்.

ஓய்வுபெற்ற கொயர் மாஸ்டர்:

அம்மா, நீங்கள் பழியைத் தப்பான ஆள்மேல் போடுகிறீர்கள். உங்கள் குரலைக் கெடுத்தது பாட்டு அல்ல, பேச்சு. நான் குழு நடத்திய காலமெல்லாம் பாடித் தொண்டை கட்டியவர்களைவிடப் பேசித் தொண்டை கட்டியவர்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பிடித்தால் குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை மோதிக்கொள்கின்றன. ஆனால் பாட்டில் இடைவெளி உண்டு. தனிப்பாடகர் பாடும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீண்ட சுரத்தில்கூட வரிசையில் மாற்றி மாற்றி மூச்சு எடுக்கிறீர்கள். வீட்டுப் பேச்சில் அப்படி யார் இடைவெளி விடுகிறார்கள்? அதுவும் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நம்மையறியாமல் குரல் உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911இலேயே இதை விவரித்திருக்கிறார். அவர் பெயரிலேயே ‘லொம்பார்ட் விளைவு’ என்கிறார்கள்.

அப்பாவிடம் கத்தாதீர்கள். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான். ச, த, ப போன்ற மெய்கள் அவருக்குத் தேய்ந்து கேட்கும். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், சொல் விளங்காது. எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசுங்கள்.

கிசுகிசுப்பதும் ஓய்வு அல்ல, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கிவிடும். ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, ஊதியபடியே மெல்ல முனகுங்கள். குழலுக்குள்ளிருந்து திரும்பி வரும் அழுத்தத்தால் நாண்கள் மென்மையாக மோதும். மேடை ஏறும்முன் ஐந்து நிமிடம், இறங்கியபின் ஐந்து நிமிடம். இறங்கியபின் செய்வதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் நின்று மடக்மடக்கென்று குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. முதல்நாளிலிருந்தே குடித்து வாருங்கள்.

குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாடாதவன்:

என் மனைவி சோப்ரானோ. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். குரலுக்கு ஓய்வு கொடுக்க அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து மாலை வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. ஆகவே வந்து இறங்கியதும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளி ஒத்திகைக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாதா? அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை. நிறுத்தி, திட்டு வாங்கி, மறுபடி அதே நாலு வரியைப் பாடுவதைப் பார்த்த பிறகுதான் அவளுடைய களைப்பு எனக்குப் புரிந்தது.

ஆல்டோ வரிசைக்காரி (திங்கள் காலை):

எதையும் விடவில்லை! மூன்றிலும் பாடினேன்.

வெள்ளி ஒத்திகைக்கு எல்லோரும் வந்தார்கள். எங்களை நிறுத்தும்போதெல்லாம் அக்கா மகள் கைதட்டினாள், முடிந்துவிட்டது என்று நினைத்து. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. சனி மாலை பக்கத்து வீட்டில் விளையாடப் போய்விட்டாள். டிக்கெட் சிக்கலும் தீர்ந்தது.

சனி இரவு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து, “காலை வரை பேசமாட்டேன்” என்று எழுதிக் காட்டினேன். அக்காவுக்கு முதலில் முகம் வாடியது. பிறகு அவள் பேசினாள், நான் எழுதினேன். எழுதும் வேகத்துக்குத்தான் பதில் சொல்ல முடியும் என்பதால், அவள் சொல்வதைக் குறுக்கே புகுந்து வெட்டாமல் முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். அவளுடைய வேலை விஷயத்தில் நான் ஓராண்டாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதை இங்கே விவரிக்கப்போவதில்லை.

கொயர் மாஸ்டர் ஐயா, வெளிச்சத்தில் உட்காரச் சொன்னீர்களே, அதைச் செய்தேன். ஆனால் அப்பாவுக்கு நோட்டுதான் பிடித்துப்போனது. நான் எழுதிக் கேட்ட ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அவரும் எழுதியே பதில் சொன்னார். நீங்கள் பேசலாமே அப்பா என்று எழுதினேன். “இரு, இன்னும் முடிக்கவில்லை” என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.