மோல் கணக்கில் கிராமை வைத்து விகிதம் போட்டால் ஏன் தப்பாக வருகிறது?

தாமரை_11 (கேள்வி)

வேதியியல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன், மோல் பாடத்திலேயே மூன்று நாளாக நிற்கிறேன். வரையறை மனப்பாடம்: 1 மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். நிறையை மோலார் நிறையால் (1 மோல் எத்தனை கிராம் என்பது) வகுத்தால் மோல் எண்ணிக்கை கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனால் கணக்கு என்று வந்தால் எதை எதால் வகுப்பது, எப்போது பெருக்குவது என்று கை நின்றுவிடுகிறது.

மாட்டிக்கொண்ட கணக்கு இதுதான். 12 கிராம் மெக்னீசியத்தை 12 கிராம் ஆக்சிஜனில் எரித்தால் எவ்வளவு மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும், எது எவ்வளவு மிஞ்சும்? சமன்படுத்திய சமன்பாடு: 2 மெக்னீசியம் + 1 ஆக்சிஜன் மூலக்கூறு → 2 மெக்னீசியம் ஆக்சைடு. அணு நிறை மெக்னீசியத்துக்கு 24, ஆக்சிஜனுக்கு 16 என்று கொடுத்திருக்கிறார்கள்.

நான் யோசித்தது: 2-க்கு 1 என்றால் 12 கிராம் மெக்னீசியத்துக்கு 6 கிராம் ஆக்சிஜன் போதும். ஆக 18 கிராம் ஆக்சைடு, 6 கிராம் ஆக்சிஜன் மிச்சம். கூட்டினால் 24 வருகிறது, நிறையும் இடிக்கவில்லை. ஆனால் விடை 20 கிராம், மிச்சம் 4 கிராம் என்று போட்டிருக்கிறது. எங்கே தப்பு?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இந்த 6.022 × 10²³ எங்கிருந்து வந்தது? வசதியாக 10²⁴ என்று வைத்திருக்கக் கூடாதா?

பழைய வாத்தியார்

தப்பு ஒரே இடத்தில்தான், முதல் தடவை படிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்புதான் அது. சமன்பாட்டில் இருக்கும் 2, 1, 2 எல்லாம் எண்ணிக்கை, கிராம் இல்லை. இரண்டு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. இரண்டு கிராமுக்கு ஒரு கிராம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

அணுவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு இதைப் பாருங்கள். ஒரு போல்ட் 24 கிராம், ஒரு இரும்புத் தட்டு 32 கிராம். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு போல்ட் மாட்ட வேண்டும். உங்களிடம் 12 கிலோ போல்ட்டும் 12 கிலோ தட்டும் மூட்டையாக இருக்கின்றன. எத்தனை தட்டுக்குப் போல்ட் மாட்டலாம்? இங்கே யாரும் 12 கிலோ போல்ட்டுக்கு 6 கிலோ தட்டு என்று சொல்ல மாட்டோம். முதலில் எண்ணிக்கைதான் பார்ப்போம். 12,000-ஐ 24-ஆல் வகுத்தால் 500 போல்ட், 12,000-ஐ 32-ஆல் வகுத்தால் 375 தட்டு. 500 போல்ட்டுக்கு 250 தட்டு போதும், மீதி 125 தட்டு சும்மா கிடக்கும். அதன் எடை 125 × 32, அதாவது 4 கிலோ.

உங்கள் கணக்கும் அச்சு அசல் இதேதான். 12 கிராம் மெக்னீசியத்தை 24-ஆல் வகுத்தால் 0.5 மோல். 12 கிராம் ஆக்சிஜனை 32-ஆல் வகுத்தால் 0.375 மோல். 0.5 மோல் மெக்னீசியத்துக்கு அதில் பாதி, 0.25 மோல் ஆக்சிஜன் தேவை. இருப்பது அதைவிட அதிகம், அதனால் முதலில் தீர்ந்துபோவது மெக்னீசியம். இதைத்தான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்கிறார்கள். 2-க்கு 2 என்பதால் ஆக்சைடும் 0.5 மோல், அதன் மோலார் நிறை 24 + 16 = 40, ஆக 20 கிராம். ஆக்சிஜன் மிச்சம் 0.125 மோல், அதை 32-ஆல் பெருக்கினால் 4 கிராம்.

எப்போது வகுப்பது, எப்போது பெருக்குவது என்று கேட்டீர்கள். கிராமிலிருந்து எண்ணிக்கைக்குப் போகும்போது வகுக்கிறோம், எண்ணிக்கையிலிருந்து கிராமுக்குத் திரும்பும்போது பெருக்குகிறோம். நடுவில் 2:1 போன்ற விகிதம் போடுகிற வேலை எல்லாம் மோலில் இருக்கும்போது மட்டும்தான். போல்ட்டின் எடை தெரிந்தவருக்கு இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

தாமரை_11

போல்ட் கணக்கு பளிச்சென்று புரிந்தது சார், நன்றி. ஆனால் ஆக்சிஜனுக்கு 32 ஏன் போட்டீர்கள்? கொடுத்தது 16. நான் 16 போட்டுப் பார்த்தேன், 12/16 = 0.75 மோல். தேவை 0.25, மிச்சம் 0.5, அதை 16-ஆல் பெருக்கினால் 8 கிராம் மிச்சம் என்று வருகிறது.

குடுவை

சார் வருவதற்குள் நான் சொல்கிறேன், இந்த 16/32 குழப்பத்தில் நானும் ரொம்ப நாள் கிடந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் விடையைக் கூட்டிப் பாருங்கள். 20 கிராம் ஆக்சைடு, 8 கிராம் மிச்சம், மொத்தம் 28. போட்டதோ 24 கிராம்தான். 4 கிராம் ஆகாயத்திலிருந்து வராது, அப்படியானால் நடுவில் எங்கோ துகள் மாறிவிட்டது.

மாறிய இடம் இது: 16-ஆல் வகுத்தபோது நீங்கள் எண்ணியது ஆக்சிஜன் அணுக்களை. 0.75 மோல் அணுக்கள், அது சரியான எண்ணிக்கைதான். ஆனால் அடுத்த வரியில் 'தேவை 0.25' என்று எழுதினீர்களே, அது மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஏனென்றால் சமன்பாட்டில் அந்த 1 நிற்பது ஆக்சிஜன் மூலக்கூறின் முன்னால். ஒரு மூலக்கூறில் இரண்டு அணு, 16 × 2 = 32, சார் போட்டது அதைத்தான். அணுவிலிருந்து மூலக்கூறைக் கழித்துவிட்டீர்கள்.

16-ஐ வைத்தே போட வேண்டும் என்றாலும் போடலாம், கடைசிவரை அணுவாகவே வைத்திருந்தால் போதும். ஒரு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் அணு. 0.5 மோல் மெக்னீசியத்துக்கு 0.5 மோல் ஆக்சிஜன் அணு. மிச்சம் 0.25 மோல் அணு, அதை 16-ஆல் பெருக்கினால் 4 கிராம். அதே விடை! எனக்கு இது முதல் தடவை ஒத்துவந்தபோதுதான் மோல் என்பதன்மேல் நம்பிக்கையே வந்தது.

அதனால் '1 மோல் ஆக்சிஜன்' என்று எழுதாதீர்கள். 'ஆக்சிஜன் அணு' அல்லது 'ஆக்சிஜன் மூலக்கூறு' என்று ஒவ்வொரு வரியிலும் முழுப் பெயரையும் எழுதுங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின் எல்லாவற்றுக்கும் இதே சங்கதிதான். அப்புறம், வாயுக் கணக்கில் 1 மோலின் கனஅளவு என்று வரும் 22.4 லிட்டரையும் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள். அது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் வாயுவுக்கு மட்டும். அழுத்தத்தை 1 பார் என்று எடுத்தால் 22.7 லிட்டர். திரவத்துக்கு இது செல்லவே செல்லாது. 1 மோல் தண்ணீர் 18 மில்லிலிட்டர்தான், ஒரு மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் அதிகம்.

எண்தேடி

10²⁴ ஏன் இல்லை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

அணு நிறை அட்டவணையில் இருப்பது கிராம் இல்லை, அணு நிறை அலகு. கார்பன்-12 அணுவின் நிறையில் 12-இல் ஒரு பங்குதான் அந்த அலகு, அதாவது 1.6605 × 10⁻²⁴ கிராம். 1-ஐ இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 6.022 × 10²³ வந்து நிற்கும். ஒரு கிராமுக்குள் எத்தனை அணு நிறை அலகு அடங்கும் என்பதுதான் இந்த எண், வேறு மாயம் எதுவும் இல்லை. கிராம் என்ற அளவை மனிதர்கள் தங்கள் வசதிக்கு வைத்தார்கள், அணுவோ தன் நிறையில் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டால் 10²⁴ போல வசதியான எண் எப்படி வரும்?

10²⁴ என்று வைத்திருந்தால் 1 மோல் கார்பன்-12 அணுக்கள் 19.93 கிராம், 1 மோல் மெக்னீசியம் சுமார் 40 கிராம் என்று ஆகியிருக்கும். அட்டவணையில் 24 என்று பார்த்தவுடன் '24 கிராம் என்றால் 1 மோல்' என்று போட முடிகிறதே, அந்த வசதி போய்விடும்.

இதை அவகாட்ரோ எண் என்பார்கள், ஆனால் இந்த எண் அவகாட்ரோவுக்கே தெரியாது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் சொன்னார், எத்தனை என்று சொல்லவில்லை. 1865-இல் லோஷ்மிட் என்ற விஞ்ஞானி காற்று மூலக்கூறின் அளவைக் கணித்தபோதுதான் எண்ணிக்கையை மதிப்பிட வழி பிறந்தது. பிறகு பிரான்சில் ழான் பெரன் ஒரு மரப்பிசினை மிக நுண்ணிய உருண்டைகளாக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் அடியிலிருந்து மேலே போகப் போக எத்தனை உருண்டை இருக்கிறது என்று எண்ணினார். உயரம் கூடக் கூட எண்ணிக்கை குறைகிற வேகத்தை வைத்து இந்த எண்ணைக் கணித்தார். 1909-இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரை வைத்ததும் அவரே. 1926-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். கண்ணால் எண்ணி அணுவின் எண்ணிக்கைக்குப் போயிருக்கிறார் ஒரு மனிதர், நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை என்று மோலை வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். உங்கள் கணக்கில் இதனால் எந்த மாற்றமும் வராது.

பெரிய எண் என்று வாயால் சொன்னால் மனதில் தங்காது. 18 மில்லிலிட்டர் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளை நொடிக்குப் பத்து லட்சம் வீதம் எண்ணினாலும் முடிக்க சுமார் 1,900 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.

ஆய்வகத்துக்காரன்

ஆய்வகத்தில் கால் வைக்கும்முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு இது அரை நாளைத் தின்றது. 500 மில்லிலிட்டர், 0.1 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் 0.1 மோல்) காப்பர் சல்பேட் கரைசல் தயாரிக்க வேண்டும். 0.05 மோல் தேவை, மோலார் நிறை 159.6, பெருக்கினால் 7.98 கிராம். அழகாக எடைபோட்டுக் கரைத்துவிட்டேன். ஆனால் நான் எடுத்தது நீல நிறப் படிகம். அந்த நீலத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுடனும் ஐந்து தண்ணீர் மூலக்கூறு சேர்ந்திருக்கிறது, அதன் மோலார் நிறை 249.7. நான் எடுத்திருக்க வேண்டியது 12.48 கிராம். தண்ணீர் இல்லாத காப்பர் சல்பேட் வெள்ளைத் தூளாக இருக்கும், புட்டியைப் பார்த்தவுடனேயே தெரிந்திருக்க வேண்டியது. என் கரைசலின் செறிவு 0.064-தான் இருந்தது, சோதனை முடிவுகள் எல்லாம் கோணலாக வந்தபிறகே பிடிபட்டது.

கரைசல் தயாரிக்கும்போது அரை லிட்டர் தண்ணீரை எடுத்து அதில் போடக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, குடுவையின் கோடு வரை நிரப்ப வேண்டும். மோலாரிட்டியில் வரும் லிட்டர் கரைசலின் லிட்டர்.

தாமரை_11

எல்லோருக்கும் நன்றி. நானே ஒன்று போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். 14 கிராம் நைட்ரஜன், 4 கிராம் ஹைட்ரஜன். 1 நைட்ரஜன் மூலக்கூறு + 3 ஹைட்ரஜன் மூலக்கூறு → 2 அம்மோனியா.

நைட்ரஜன் மூலக்கூறு 14/28 = 0.5 மோல். ஹைட்ரஜன் மூலக்கூறு 4/2 = 2 மோல். 0.5 மோல் நைட்ரஜன் மூலக்கூறுக்கு 1.5 மோல் ஹைட்ரஜன் மூலக்கூறு தேவை, 2 இருக்கிறது, ஆக முதலில் தீர்வது நைட்ரஜன். நிறையில் அதுதான் அதிகமாக இருந்தது, ஆனாலும் அதுதான் தீர்கிறது! அம்மோனியா 1 மோல், 17 கிராம். ஹைட்ரஜன் மூலக்கூறு மிச்சம் 0.5 மோல், 1 கிராம். மொத்தம் 18, போட்டதும் 18.

பழைய வாத்தியார்

முழுக்கச் சரி. நிறை அதிகமாக இருப்பதுதான் மிஞ்சும் என்ற நினைப்பை நீங்களே உடைத்துவிட்டீர்கள், எனக்கு அதில்தான் சந்தோஷம். ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த 17 கிராம் என்பது நைட்ரஜன் முழுவதும் வினைபுரிந்தால் கிடைக்கிற உச்ச அளவு. அம்மோனியா வினை இரு திசையிலும் நடப்பது, தொழிற்சாலையிலேயே வினைக்கலத்தை ஒருமுறை கடக்கும்போது சுமார் 15 சதவீதம்தான் அம்மோனியாவாக மாறும், மீதி வாயுவைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புவார்கள். விளைச்சல் சதவீதம் என்று அடுத்து வரும் பாடம் இதைப் பற்றித்தான், அதில் சிக்கினால் இங்கேயே எழுதுங்கள்.