.45-70 தோட்டா: நானே கட்டிய 50இல் 14 சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) முழுதாக இறங்கவில்லை. எங்கே தவறு?

வைப்பாற்றுக்காரன்:
வணக்கம். டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் புல்வெளியைக் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டியது போலக் கிளறிப் போட்டுவிட்டன. "எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்" என்கிறார் மனிதர். கையில் இருப்பது மார்லின் 1895, அடியில் இருக்கும் லீவரை இயக்கித் தோட்டா ஏற்றும் ரைஃபிள். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகாமல் இந்தக் குளிர்காலத்தில் நானே கட்ட ஆரம்பித்தேன்.

300 கிரெய்ன் எடையுள்ள தட்டை மூக்குக் குண்டு. பவுடர் அளவு, கையேட்டில் லீவர் ரைஃபிளுக்கென்று இருக்கும் பகுதியின் தொடக்க அளவு. பித்தளைக் கூடுகளில் பாதி நானே சுட்டு எடுத்து வைத்தவை, மீதி ஒருவர் கொடுத்த கலப்படப் பை. எல்லாவற்றையும் சைஸிங் டையில் (சுட்டு விரிந்த கூட்டை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) விட்டு எடுத்துத்தான் கட்டினேன்.

ரேஞ்சில் போய்ப் பார்த்தால் 14 தோட்டாவுக்கு லீவர் கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிடுகிறது. ஒன்றைக் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே போனது, வெளியே எடுக்க உயிர் போய்விட்டது. அத்தோடு நிறுத்திவிட்டேன். கடைத் தோட்டா வழுக்கிக்கொண்டு போகிறது. மொத்த நீளம் எல்லாமே 2.540 அங்குலம், உச்ச வரம்பான 2.550ஐத் தாண்டவில்லை. அப்புறம் எங்கே இடிக்கிறது?

அடுத்த மாதம் மச்சானையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அவன் எச்-1பி வேலை விசாவில் வந்தவன். தனியார் நிலத்தில் பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து லைசென்ஸே வேண்டாமே. அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

கொங்குத்தறி:
புது ரைஃபிளா? கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்யும். லீவரை ஓங்கி ஒரு தட்டு. இல்லையென்றால் அந்த 14ஐயும் மறுபடி சைஸிங் டையில் விட்டு எடுங்கள், சுருங்கிவிடும்.

பழையபித்தளை:
தம்பி, இரண்டையுமே செய்துவிடாதீர்கள். நிரப்பிய தோட்டாவை சைஸிங் டைக்குள் விடுவது என்றால், பழைய பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் குப்பி) வெளியே தள்ளுவதற்காக உள்ளே தொங்கும் ஊசியின் மேல் குண்டை மோதவிட்டு அழுத்துவது. ஊசியைக் கழற்றிவிட்டுச் செய்தாலும் பயன் இல்லை. பித்தளையும் ஈயமும் சேர்ந்து நசுங்கும். அழுத்தம் விலகியதும் பித்தளை மட்டும் பழைய நிலைக்குக் கொஞ்சம் விரியும், ஈயம் விரியாது. குண்டு கூட்டுக்குள் ஆட ஆரம்பித்துவிடும்.

இப்போது இரண்டு கேள்வி. கூடுகளின் நீளத்தை அளந்தீர்களா? நான் கேட்பது வெறும் கூட்டின் நீளம், தோட்டாவின் மொத்த நீளம் இல்லை. குண்டை இறக்குவதும் வாயை மடக்கி கிரிம்ப் போடுவதும் ஒரே டையில், ஒரே அழுத்தலிலா?

வைப்பாற்றுக்காரன்:
ஒரே அழுத்தல்தான் அண்ணா. கூட்டை அளக்கவில்லை. இப்போது மீதியிருக்கும் வெறும் கூடுகளில் பத்தை எடுத்து காலிப்பர் வைத்தேன். மிகக் குட்டை 2.094, மிக நீளம் 2.109.

பழையபித்தளை:
அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். உச்ச வரம்பு 2.105, வெட்டி வைக்க வேண்டிய அளவு 2.095. ஆனாலும் ஊகத்தில் போக வேண்டாம். பவுடரும் பிரைமரும் இல்லாமல் இரண்டு போலித் தோட்டா கட்டுங்கள், ஒன்று நீளக் கூட்டில், ஒன்று குட்டைக் கூட்டில். இரண்டையும் கறுப்பு மார்க்கரால் முழுக்கப் பூசிக் காயவிட்டு சேம்பரில் விட்டு எடுங்கள். மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. உண்மைத் தோட்டாவை வைத்து வீட்டுக்குள் இந்தச் சோதனை கூடவே கூடாது.

வைப்பாற்றுக்காரன்:
செய்தேன். குட்டைக் கூடு மை கலையாமல் போய் வந்தது. நீளக் கூட்டில், வாய் மடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நூல் கட்டியது போலச் சுற்றி ஒரு பித்தளை வளையம் பளபளக்கிறது. கண்ணுக்குப் புடைப்பு தெரியவில்லை, நகத்தால் தடவினால் தட்டுகிறது. காலிப்பரில் அந்த இடம் 0.484. குட்டையில் அதே இடம் 0.479.

பழையபித்தளை:
கூட்டின் வாய்ப்பக்க விட்டம் 0.480தான் கணக்கு. பிடிபட்டுவிட்டது.

நடப்பது இதுதான். குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் ஓடுகிறதே, கூட்டின் வாய் அதற்குள் மடங்க வேண்டும். நீங்கள் டையைக் குட்டைக் கூட்டுக்குச் சரியாக வைத்திருக்கிறீர்கள். நீளக் கூடு வரும்போது அதன் வாய் முன்னதாகவே டையின் விளிம்பைத் தொட்டு மடங்கிப் பள்ளத்தைக் கவ்விக்கொள்கிறது. குண்டோ இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, கவ்விய வாயையும் இழுத்துக்கொண்டு. போக இடமில்லாத பித்தளை வெளிப்பக்கம் புடைக்கிறது. 0.015 அங்குல வித்தியாசம், அவ்வளவுதான்.

எல்லாக் கூட்டையும் 2.095க்கு வெட்டுங்கள், வாயின் பிசிறை உள்ளும் புறமும் எடுங்கள். பிறகு முதல் சுற்றில் குண்டை மட்டும் இறக்குங்கள். கிரிம்ப் தொடாத அளவுக்கு டை உடலை மேலே ஏற்றிவிட வேண்டும். 50ம் முடிந்த பிறகு டையைத் திரும்பக் கீழே கொண்டுவந்து, குண்டை அழுத்தும் தண்டை மேலே விலக்கிவிட்டு, கிரிம்ப் மட்டும். இரட்டை வேலைதான், எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கும், ரேடியோவைப் போட்டுக்கொள்வேன்.

காசு இருந்தால் லீ கம்பெனியின் ஃபேக்டரி கிரிம்ப் டை வாங்கலாம். .45-70க்கு வருவது பக்கவாட்டில் நெருக்கும் வகை, சுருக்குப்பை வாயை இழுப்பது போல. மேலிருந்து தள்ளாததால் புடைக்காது.

கொங்குத்தறி:
நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கிரிம்பே போடாமல் விட்டால் என்ன? இந்தத் தொல்லையே இல்லையே.

பழையபித்தளை:
ஒற்றைத் தோட்டா ரைஃபிளாக இருந்தால் விடலாம். மார்லினில் குழல் மேகசின். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும், முன்னாலிருந்து ஸ்பிரிங் பின்பக்கமாகத் தள்ளும், ஒவ்வொரு சுடலுக்கும் உதை வேறு. கிரிம்ப் இல்லாவிட்டால் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அதே குழலுக்காகத்தான் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்பதும். கூர் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமர் மேல் போய் உட்காரும். ஹார்னடியின் மெத்தென்ற நுனி வைத்த எஃப்டிஎக்ஸ் குண்டு இதற்காகவே வந்தது. ஆனால் அதைக் கட்ட கூட்டை 2.040க்குக் குட்டையாக்க வேண்டும். அந்தக் கூட்டை மற்றக் கூடுகளோடு கலந்துவிடாதீர்கள், திரும்ப இதே இழைக்கு வருவீர்கள்.

தொடங்கிய அளவிலேயே இருங்கள் என்பது என் கட்சி. இது 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. பழைய ட்ராப்டோர் துப்பாக்கிக்கு, லீவருக்கு, இவற்றைவிட வலுவான ரூகர் நம்பர் 1 ரைஃபிளுக்கு என்று கையேடுகள் மூன்றாகப் பிரித்துப் போடும். மூன்றாம் பகுதியின் எண்ணைப் பார்த்து லீவருக்குக் கட்டினால் ரைஃபிளும் போகும், முகமும் போகும். பன்றிக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

செம்மண்சாலை:
தோட்டா விஷயம் அவர் பார்த்துக்கொள்வார். நான் மச்சான் விஷயத்துக்கு வந்தேன். பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது டெக்சாஸ் மாநிலச் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். அதிலிருந்து விலக்குத் தருவதே செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ்தான். அதாவது பன்றிக்கு வேண்டாத லைசென்ஸ் மச்சானுக்கு வேண்டும். கிரீன் கார்டு என்றால் இந்தக் கவலை இல்லை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சாஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பு விதியும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைப்பாற்றுக்காரன்:
ஐயோ, இது தெரியவே தெரியாது. நல்ல வேளை சொன்னீர்கள் சார். நான் கிரீன் கார்டு, அதனால் யோசிக்கவே இல்லை.

அண்ணா, அந்த 14ஐ என்ன செய்ய?

பழையபித்தளை:
சுத்தியல் வடிவக் குண்டு கழற்றி ஒன்று வாங்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கான்கிரீட் மேல் கட்டை வைத்து நாலு தட்டு. குண்டும் பவுடரும் கப்பில் விழும். எந்தப் பவுடர் என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் டப்பாவில் திருப்பிக் கொட்ட வேண்டாம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஈயம்.

வைப்பாற்றுக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் 2.095க்கு வெட்டி, இரண்டு சுற்றாகக் கட்டினேன். வாய்ப்பக்கம் எங்கே அளந்தாலும் 0.478, 0.479. ரேஞ்சில் 20 சுட்டேன், எல்லாம் தானாக இறங்கியது. மேகசினில் கடைசித் தோட்டாவை விட்டுவைத்து, ஐந்து முறை சுட்ட பிறகு எடுத்து அளந்தேன். நீளம் அப்படியே 2.540.

மச்சான் வகுப்பு முடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டான். போன சனிக்கிழமை சேற்றுக்குழி ஓரமாக ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தோம். கொசு வந்தது, ஒரு அர்மடில்லோ வந்தது. மீதி 30 தோட்டாவும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.